1962 அக்டோபரில் டெல்லிக்காரர்களுக்குக் கியூபா தெரியுமா?

மயூர்விஹார் வித்யா:
என் பாட்டிக்கு 84 வயது. 1962இல் கல்யாணமாகிக் கரோல்பாக் வந்தவர். அந்த அக்டோபரைப் பற்றிக் கேட்டால் சீனச் சண்டை, பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்த மோதிரம், அதற்காகத் தாத்தாவிடம் வாங்கிய திட்டு, அவ்வளவுதான். கியூபா என்றால், "அது எங்கடி இருக்கு?" என்கிறார். அதே வாரத்தில்தானே அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதங்களோடு முறைத்துக்கொண்டு நின்றன? நிஜமாகவே அவ்வளவு தூரம் போனதா, பிற்பாடு ஊதிப் பெரிதாக்கினார்களா?

முனிர்கா முத்து:
பாட்டியைக் குறை சொல்லாதீர்கள். சீனா தாக்கியது அக்டோபர் 20. கியூபாவில் ரஷ்ய ஏவுகணை இருக்கிறது என்று அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் சொன்னது 22. நம் கூரை எரியும்போது பக்கத்து ஊர்ப் புகையை யார் பார்ப்பார்கள்? ஆனால் இரண்டுக்கும் ஒட்டுதல் உண்டு. அந்த நேரத்தில் சீனாவையும் பகைத்துக்கொள்ள சோவியத் தலைவர் குருஷேவுக்குத் துணிவில்லை. 25ஆம் தேதி சோவியத் கட்சிப் பத்திரிகை பிராவ்தா, சீனாவின் யோசனையை ஏற்றுப் பேச்சுக்குப் போகும்படி நமக்குப் புத்தி சொன்னது. கியூபா அடங்கியதும் நவம்பர் முதல் வாரத்திலேயே சுருதி மாறிவிட்டது.

ஜன்பத் தந்திக்காரன்:
நான் 1971இல் ஈஸ்டர்ன் கோர்ட் தந்தி ஆபீஸில் சேர்ந்தவன். அதனாலோ என்னவோ, இந்தக் கதையில் ஏவுகணையைவிடத் தந்திதான் எனக்குப் பயம் தருகிறது.

வாஷிங்டனில் சோவியத் தூதர் டோப்ரினின். மாஸ்கோவுக்கு அவசரச் செய்தி என்றால் சங்கேதத்தில் எழுதி, வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனிக்குப் போன் செய்வார்களாம். ஒரு பையன் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவான். வழியில் எந்தப் பெண்ணிடமாவது பேசிக்கொண்டு நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டதாக டோப்ரினினே பிற்பாடு எழுதியிருக்கிறார். உலகத்தின் உயிர் சைக்கிள் கேரியரில்!

26ஆம் தேதி குருஷேவ் எழுதிய நீளமான கடிதம் வாஷிங்டன் போய்ச் சேர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. மறுநாள் சனிக்கிழமை, கியூபா மேல் பறந்த அமெரிக்க யு-2 உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள், விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். அதே நாளில் இன்னொரு யு-2 வழிதவறி ரஷ்ய எல்லைக்குள்ளேயே போய்விட்டது. அன்று இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி டோப்ரினினைக் கூப்பிட்டு, துருக்கியில் உள்ள ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம், ஆனால் வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். 28ஆம் தேதி குருஷேவ் தந்தியை நம்பிக் காத்திருக்கவில்லை. ஏவுகணைகளைத் திரும்ப எடுக்கிறோம் என்ற பதிலை மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்க வைத்துவிட்டார்.

பட்ட பிறகுதான் 1963இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடியாக ஹாட்லைன் போட்டார்கள். சினிமாவில் காட்டுகிற சிவப்புப் போன் இல்லை, இங்கே அடித்தால் அங்கே அச்சாகும் டெலிபிரிண்டர். முதல் நாள் அமெரிக்காவிலிருந்து போன சோதனை வரி, சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கும் பழுப்பு நரி. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் அதில் வந்துவிடும். மெஷினை ரிப்பேர் பார்த்தால் நாங்களும் அதைத்தான் அடிப்போம்.

ஆர்.கே.புரம் ரவி:
தந்திகூடப் போகாத இடம் ஒன்று இருந்ததே சார். அதே 27ஆம் தேதி, பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. உள்ளே ஏசி பழுது, 45 டிகிரிக்கு மேல் வெக்கை, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே வரச் சொல்லி அமெரிக்கக் கப்பல்கள் சின்னக் குண்டுகளைப் போட, போரே தொடங்கிவிட்டது என்று கேப்டன் சவித்ஸ்கி அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னதாகவும், கூட இருந்த அதிகாரி ஆர்க்கிபோவ் சமாதானப்படுத்தியதாகவும் உள்ளே இருந்த ஓர்லோவ் சொன்னார். வேறு சிலர் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த டார்பிடோ கப்பலில் இருந்தது நிஜம். வித்யா, ஊதிப் பெரிதாக்கினார்களா என்றீர்களே, 2002இல் ஹவானாவில் நடந்த கூட்டம் வரை இந்தக் கதை பரவலாக வெளியே தெரியவே இல்லை.

மயூர்விஹார் வித்யா:
எல்லாவற்றையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். நீர்மூழ்கிக்கு அசரவில்லை. "அந்தச் சைக்கிள் பையனுக்கு, தான் என்ன எடுத்துண்டு போறோம்னு தெரியுமா?" என்று கேட்கிறார்.

ஜன்பத் தந்திக்காரன்:
தெரிந்திருக்காதும்மா. எங்களிடம் எம்பஸித் தந்தி வந்தாலும் அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டமாகத்தான் இருக்கும், அடித்து முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். எண்ணிச் சரிபார்த்து அனுப்புவோம், அப்புறம் டீ குடிக்கப் போவோம். பாட்டிக்கு என் நமஸ்காரம்.