பெடாட்:பிஎஸ்எஸ் படலத்தில் வர்ற வோல்டேஜ் ஸ்பின்னால்தானா?

கேள்வி (பீளமேடு):
கண்ணாடி மேல 10 நானோமீட்டர் பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் காந்தக் கலவை), அதுக்கு மேல பெடாட்:பிஎஸ்எஸ் (மின்சாரம் கடத்துற பாலிமர்). ஃபெர்ரோகாந்த ஒத்ததிர்வில் (மைக்ரோவேவால காந்தத்தை அதிர வைக்கறப்ப) பாலிமர் படலத்தோட இரு முனைக்கு நடுவுல சில மைக்ரோவோல்ட் வருதுங்க. இதைத் தலைகீழ் ஸ்பின் ஹால் விளைவுன்னு (காந்தத்துல இருந்து வர்ற எலக்ட்ரான் ஸ்பின் ஓட்டம் வோல்டேஜா மாறுறது) எடுத்துக்கலாமுங்களா? சாம்பிளுக்குச் சாம்பிள் அளவும் மாறுது.

பதில் (பெருந்துறை):
முதல்ல பெர்மலாயை விடுங்க. பெடாட்:பிஎஸ்எஸ் கரைசல் நல்ல அமிலம். நிக்கல்-இரும்புப் பரப்பை அரிச்சிரும். ஸ்பின் காந்தத்துல இருந்து பாலிமருக்குக் கடக்கவேண்டிய இடமே அதுதானுங்க. போதாததுக்கு உலோகம் தன் பங்குக்கு ரெக்டிஃபிகேஷன் வோல்டேஜும் (மைக்ரோவேவ் மின்னோட்டம் நேர் வோல்டேஜா மாறுறது) தரும். ஆண்டோ, சிரிங்ஹாஸ்ங்கற ஆய்வாளர்களோட குழு 2013-ல இதே பாலிமரை மின்கடத்தாக் காந்தமான யிட்ரியம் அயர்ன் கார்னெட் மேலதான் போட்டாங்க.

பதில் (சூலூர்):
கார்னெட்டுலயும் வெப்பம் ஏமாத்தும். பெடாட்:பிஎஸ்எஸ்ஸோட சீபெக் எண் (வெப்ப வித்தியாசத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் வரும்ங்கறது) கெல்வினுக்கு சுமார் 15 மைக்ரோவோல்ட். முனைக்கு முனை 0.1 கெல்வின் வித்தியாசம் இருந்தாலே 1.5 மைக்ரோவோல்ட் ஆச்சுங்க! காந்தப்புலத்தைத் திருப்பினா குறி மாறுதான்னு பார்க்கிறது மட்டும் பத்தாது. தடிச்ச கார்னெட்டுல மேற்பரப்பு ஸ்பின் அலை ஒரு பக்கமாத்தான் ஓடும்; புலம் திரும்பினா சூடும் பக்கம் மாறும், அதனால வெப்ப வோல்டேஜோட குறியும் மாறும். இன்னொரு சாம்பிள்ல கார்னெட்டுக்கும் பாலிமருக்கும் நடுவுல மெல்லிய மின்கடத்தாப் படலம் போடுங்க. ஸ்பின் நின்னுரும், சூடு நிக்காது. அப்பவும் வோல்டேஜ் வந்தா அது வெப்பம்தானுங்க.

பதில் (பெருந்துறை):
அளவு மாறுறதுக்கு ஈரத்தைப் பாருங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப பிஎஸ்எஸ் தண்ணியை உறிஞ்சி உப்பிரும், ரெசிஸ்டன்ஸும் நகரும். 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, 5% டிஎம்எஸ்ஓ (கடத்துதிறனைக் கூட்டுற கரைப்பான்) சேர்த்துப் பூசி, 140 டிகிரியில 15 நிமிஷம் சூடாக்குங்க. அளக்கறது உலர் நைட்ரஜன்ல.