பொருள்: அணு ஆய்வகக் கைகளுக்கு என்ன சொல்?

தேவகோட்டை அண்ணனுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு அண்ணன் சொன்ன ‘தானியங்கிக் கை’ எனக்கு ஒத்துவரவில்லை. கதிர்வீச்சு மிகுந்த அறைகளில் வேலை பார்க்கும் இயந்திரக் கைகள் பெரும்பாலும் தாமாக ஒன்றும் செய்வதில்லை. தடித்த ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆள் நிற்கிறார். அவர் மணிக்கட்டைத் திருப்பினால் உள்ளே கவ்வி திரும்புகிறது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் செய்த முதல் கைகளில் மோட்டாரே கிடையாது, கம்பியும் கப்பியும்தான். 1954இல் மின்மோட்டார் வைத்தபோதும், கவ்வி உணரும் விசை ஆளின் கைக்குத் திரும்பி வரும்படி பார்த்துக்கொண்டார். கண்ணாடிக் குப்பியைப் பிடித்தோமா, நொறுக்கப் போகிறோமா என்று கைக்குத் தெரிய வேண்டுமே.

ஆகவே பொதுப்பெயர் ‘தொலைக்கை’. ஜோடியில் ஆள் பிடிப்பது ‘ஏவுகை’, உள்ளே இருப்பது ‘பணிகை’. ஆங்கிலக்காரர்கள் வைத்த ஆண்டான், அடிமை நமக்கு எதற்கு?

காரைக்குடியிலிருந்து

---

தம்பி, தானியங்கியை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘தொலைக்கை’ என்றால் ‘தொலைஞ்சு போ’ என்றல்லவா காதில் விழுகிறது! 2024 நவம்பரில், ஜப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையிலிருந்து உருகிய எரிபொருளில் ஒரு துணுக்கை எடுத்தார்களே, அந்தக் கருவி சுமார் 22 மீட்டர் நீளும் குழாய், நுனியில் கவ்வி. கிடைத்தது ஏறக்குறைய 0.7 கிராம். பின்கட்டில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியேதான். ‘தொரட்டி’ என்றே வைக்கலாம்.

தேவகோட்டையிலிருந்து

---

தமிழாசிரியையாக ஒரு வார்த்தை. ‘ஏவுகை’, ‘பணிகை’ இரண்டும் வருகை, செய்கை போலத் தொழிற்பெயராகத்தான் படும். கை என்ற உறுப்பு மறைந்துபோகும். இலக்கணத்தில் முதல்நூல், வழிநூல் என்று சொல்கிறோமே, அதே வழியில் ‘முதற்கை’, ‘வழிக்கை’ எப்படி?

பள்ளத்தூரிலிருந்து

---

ஆச்சி, பிரமாதம். முதற்கை, வழிக்கை இரண்டையும் ஏற்றிவிட்டேன்.

அண்ணே, தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் நாம் தொலைத்துவிடவில்லையே. தொரட்டியை அந்த நீள்குழாய்க்கு மட்டும் வைத்துக்கொள்வோம், எழுத்தில் ‘துறட்டி’. கல்பாக்கத்தில் எரிபொருளை மறுபதப்படுத்தும் அறைகளில் இருப்பதைத் துறட்டி என்றால் அங்கே வேலை செய்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அப்புறம், ஊர்ந்து போகிறவை ‘தொலையூர்தி’. 2011 அக்டோபரில் ஃபுகுஷிமாவுக்குள் போன ‘குவின்ஸ்’ என்ற ரோபோ, கேபிள் சிக்கி உள்ளேயே நின்றுவிட்டது. சுவருக்குள் ஊன்றி நிற்கும் கைக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் அடைக்க முடியாது.

இன்னொன்று. இந்தக் கைகள் வேலை பார்க்கும் அறையான ‘ஹாட் செல்’லுக்குப் பழைய பட்டியலில் ‘வெப்ப அறை’ என்று இருக்கிறது. அங்கே ‘ஹாட்’ என்பது சூடு இல்லை, கதிர்வீச்சு. ‘கதிரறை’ என்று மாற்றப் போகிறேன். கதிர் என்றதும் நெற்கதிர் நினைவுக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து