பொருள்: ஃப்ளையிங் பட்ரஸ் – ‘பறக்கும் உதைசுவர்’ வேண்டாம், ‘முட்டுவளைவு’ எனலாமா?

வணக்கம்.

இடைக்காலப் பேராலயக் கட்டடக்கலைக் கலைச்சொல் பட்டியலில் ஃப்ளையிங் பட்ரஸுக்கு எதிரே ‘பறக்கும் உதைசுவர்’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘முட்டுவளைவு’ என்று போடலாம் என முன்மொழிகிறேன்.

அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பேராலயத்தின் நடுக்கூடம் உயரமானது. இரு மருங்கிலும் உள்ள பக்கக்கூடங்கள் தாழ்வானவை. நடுக்கூடத்தின் மேலே கல்லாலான வளைகூரை. அந்தக் கூரை தன் எடையைக் கீழே இறக்குவதோடு, சுவரை வெளிப்பக்கமாகவும் தள்ளும். தள்ளுகிற இடமோ தரையிலிருந்து 20 மீட்டருக்கும் மேலே. அந்த உயரத்தில் சுவருக்கு வெளியே பக்கக்கூடத்துக் கூரையைத் தவிர ஒன்றுமில்லை. எனவே பக்கக்கூடத்துக்கும் அப்பால் கனத்த கற்கட்டு ஒன்றைத் தரையிலிருந்து எழுப்பி, அதன் தலையிலிருந்து ஓர் அரைவளைவைக் கிளப்பி, உயர்ந்த சுவரில் கொண்டுபோய் முட்டினார்கள். அந்த அரைவளைவுதான் நாம் பெயர் தேடும் உறுப்பு. அது பறக்கவும் இல்லை, அது சுவரும் இல்லை.

இது செழித்து வளர்ந்த நாடு பிரான்சு. அங்கே இதற்கு ‘ஆர்பூத்தான்’ என்று பெயர். தள்ளும் வளைவு என்று பொருள். ஜெர்மானியர் ‘ஷ்ட்ரேபபோகன்’ என்கிறார்கள், முட்டுக்கால் வளைவு. இரண்டு பெயர்களும் வேலையைச் சொல்கின்றன. ஆங்கிலச் சொல் தோற்றத்தைச் சொல்கிறது. நாம் தோற்றத்தை மட்டும் பெயர்த்து எடுத்துவந்துவிட்டோம்.

முட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெஸ்லேயைப் பார்க்கலாம். மகதலா மரியாவின் திருப்பண்டத்தை, அதாவது அவருடைய உடல் எச்சத்தை, தேடித் திருப்பயணிகள் குவிந்த பிரான்சின் பர்கண்டிப் பகுதிக் கோயில் அது. 1120-இல் நடந்த தீவிபத்துக்குப் பிறகு நடுக்கூடத்தை எழுப்பியபோது இந்த வளைவுகளை வைக்கவில்லை. சுவர்கள் வெளியே சாய்ந்தன. உள்ளே குறுக்கு வளைவுகள் தட்டையாகி உருக்குலைந்தன. முட்டுகளைப் பிற்பாடுதான் சேர்த்தார்கள். 1840-இல் அங்கே சீரமைப்புப் பணியைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் வியோலே-லே-டூக் அவற்றைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

திருப்பயணத்துக்கும் இந்த வளைவின் நீளத்துக்கும் தொடர்பு உண்டு. பூசை நடக்கும்போதே திருப்பண்டத்தைக் காண வருவோர் பீடத்தின் பின்புறமாகச் சுற்றிப் போக வழி வேண்டும். பிரான்சின் சார்த்ர் பேராலயத்தில் அந்தச் சுற்றுப்பாதை இரட்டையாகவே இருக்கிறது. பாதை அகல அகல வெளிக் கற்கட்டு தள்ளிப்போகும். வளைவு அவ்வளவு தூரம் எட்ட வேண்டும். பாரிசு நோத்ர்தாமின் பீடப்பகுதியில் இரண்டு பக்கக்கூடங்களையும் ஒரே எட்டில் தாண்டும் வளைவு ஏறத்தாழ 15 மீட்டர்.

அன்புடன்.

* * *

வணக்கம்.

‘பறக்கும்’ போகட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ‘முட்டு’ பற்றி மூன்று தடைகள்.

> ‘ஆர்பூத்தான்’... தள்ளும் வளைவு என்று பொருள்.

அப்படியானால் நேர்ச்சொல் ‘உதைவளைவு’ அல்லவா? உதைகால், உதைமானம், உதைசுவர் எல்லாம் ஏற்கெனவே தமிழில் இருக்கின்றன. அந்தக் குடும்பத்திலேயே இதையும் சேர்ப்பதுதான் முறை.

இரண்டாவது, முட்டு என்றால் கொத்தனார் காதில் தற்காலிகமான ஒன்றாகவே விழும். விழப்போகும் சுவருக்கு முட்டுக்கொடுப்போம், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவோம். இவையோ எண்ணூறு ஆண்டுகளாக நிற்பவை. கட்டும் முறையும் அதைத்தான் சொல்கிறது. முதலில் வெளிக் கற்கட்டு எழும்பும். பிறகு சாரத்தின் மேல் மரத்தால் சென்ட்ரிங், அதாவது வளைவைத் தாங்கும் தற்காலிகச் சட்டம். அதன்மேல் ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை இரு முனையிலிருந்தும் அடுக்கி வருவார்கள். சுண்ணாம்புக் காரை மெதுவாகத்தான் இறுகும்; காத்திருந்து, சென்ட்ரிங்குக்கு அடியிலுள்ள ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி இறக்குவார்கள். இந்த வளைவு நிலைகொண்ட பிறகே உள்ளே வளைகூரைக்குக் கல் ஏறும். பழுதுபார்க்க வைத்த கம்பாக இதை நினைக்க வைக்கும் பெயர் தவறான படத்தைக் கொடுக்கும்.

மூன்றாவது, பட்டியலில் வெளிக் கற்கட்டை ‘முட்டுத்தூண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தூண் அல்ல. நடுக்கூடச் சுவருக்குச் செங்குத்தாக நீண்டு, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு பலகைபோல் நிற்பது. தூண் என்றதும் உருண்டையாக ஒன்று மனத்தில் வரும்.

* * *

வணக்கம்.

மூன்றாவதை அப்படியே ஏற்கிறேன். ‘முட்டுச்சுவர்’ என்று திருத்திவிடுவோம். சுவர் என்ற சொல் பொருந்தும் இடம் அதுதான்.

உதை பற்றி. ‘உதைப்பு’ என்ற சொல்லை வளைகூரை வெளியே தள்ளும் விசைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். உதைப்பதும் உதையை வாங்குவதும் ஒரே சொல்லானால் பாடம் எழுதுபவர் திண்டாடுவார். ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “வளைகூரையின் உதைப்பை முட்டுவளைவு வாங்கி முட்டுச்சுவரிடம் சேர்க்கிறது.” யார் எதைச் செய்கிறார்கள் என்பது விளங்குகிறது. “வளைகூரையின் உதைப்பை உதைவளைவு வாங்கி உதைசுவரிடம்...” என்றால் குழப்பம்.

ஆனாலும் உங்கள் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. இந்த அரைவளைவும் தன் பங்குக்குச் சுவரை உள்ளே தள்ளவே செய்கிறது. சும்மா சாய்ந்து நிற்கவில்லை. 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு பாரிசு நோத்ர்தாமில் அஞ்சியது இதைத்தான். வளைகூரையில் ஓட்டைகள் விழுந்துவிட்டன. மிச்சமும் இறங்கிவிட்டால் உள்ளிருந்து எதிர்த்துத் தள்ள ஆளில்லை, வெளி வளைவுகள் சுவரை உள்ளே சாய்க்கலாம். அதனால் 28 வளைவுகளுக்கு அடியிலும் மரச் சென்ட்ரிங் கொடுத்தார்கள். முட்டுக்கே முட்டு. ஒன்றோடொன்று முட்டி நிற்கும்வரைதான் இரண்டும் நிற்கும் என்பதை ‘முட்டு’ என்ற சொல் உதையைவிட நன்றாகச் சொல்கிறது. தற்காலிகம் என்ற தடைக்கும் இதுவே என் பதில். முட்டு எத்தனை நாள் நிற்கிறது என்பதை எடுக்கிறவர் தீர்மானிக்கிறார். சொல்லில் அந்தக் கணக்கு இல்லை.

இன்னொரு காரணம் இங்கிலாந்தின் டர்ஹம். புனித கத்பெர்ட்டின் கல்லறைக்காகத் திருப்பயணிகள் வந்த அந்தப் பேராலயத்தை 1093-இல் தொடங்கினார்கள். அங்கே நடுக்கூடத்தின் கால்வட்ட வளைவுகள் மேல்மாடக் கூரைக்குள் மறைந்திருக்கின்றன. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ‘பறக்கும்’, ‘வெளி’, ‘தொங்கு’ என்று எதை ஒட்டினாலும் அவை விடுபட்டுப்போகும். ‘முட்டுவளைவு’ அவற்றையும் உள்ளடக்கும். தேவையானால் ‘மறைமுட்டுவளைவு’ எனலாம்.

பட்டியலின் விளக்கக் குறிப்பில் பழுதுகளையும் சேர்க்க வேண்டும். வளைவின் தலை சுவரில் எந்த மட்டத்தில் முட்டுகிறது என்பது முக்கியம். பிரான்சின் ஆமியேன் பேராலயத்துப் பீடப்பகுதியில் அது அதிக உயரத்தில் அமைந்துவிட்டது. உதைப்பு அதற்குக் கீழே வேலைசெய்ய, பிற்காலத்தில் தாழ்வான இன்னொரு வரிசை கட்டினார்கள். இரும்புச் சங்கிலியாலும் கட்டடத்தை இறுக்கினார்கள். பல பேராலயங்களில் இரண்டு அடுக்கு இருப்பது இதனால்தான்: கீழ்வளைவு வளைகூரையின் உதைப்புக்கு, மேல்வளைவு செங்குத்தான மரக்கூரையில் மோதும் காற்றுக்கு.

அடுத்தது தண்ணீர். பல வளைவுகளின் மேல்முதுகில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் குடைந்திருப்பார்கள். பெருங்கூரையின் மழைநீர் அதில் இறங்கி, முட்டுச்சுவரைத் துளைத்து, விலங்குமுகத் தூம்பின் வாய்வழியாகச் சுவருக்கு எட்டத்தில் விழும். வாய்க்காலின் மூட்டில் காரை போய்விட்டால் நீர் கற்களுக்கு இடையில் புகும். குளிர்காலத்தில் உறைந்து விரியும். மூட்டு திறந்து கல் நழுவும். 1316-இல் சார்த்ரைச் சோதிக்க வந்த கைவினைத் தலைவர்கள் இந்த வளைவுகளின் மூட்டுகளை அடைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தார்கள். கட்டி முடித்து நூறாண்டுகூட ஆகவில்லை.

பிரான்சின் போவே பேராலயத்தை எடுத்துக்காட்டாக வைத்தால் கவனமாக எழுதுங்கள். 48 மீட்டர் உயர வளைகூரை 1272-இல் முடிந்து 1284-இல் விழுந்தது. “முட்டுவளைவு பலவீனம்” என்று ஒரே வரியில் முடிப்பது தவறு. காரணத்தில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. திரும்பக் கட்டும்போது பழைய தூண்களுக்கு நடுவே புதிய தூண்களைச் செருகினார்கள் என்பது மட்டும் கண்ணால் காணக்கூடியது.

* * *

வணக்கம்.

உதைப்பு – விசை, முட்டு – அதை வாங்குவது: இந்தப் பிரிவினை எனக்கு ஒப்பு. தடையை விலக்கிக்கொள்கிறேன்.

முட்டுச்சுவரின் தலையில் நிற்கும் கூம்பை ‘கலசம்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். அது அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. வளைவு சரிவாக வந்து இடிக்கும் இடத்தில் மேல்வரிசைக் கற்கள் வழுக்காமல் இருக்க எடை வேண்டும். கூம்பு அந்த எடையைத் தருகிறது. அடித்தளம்வரை போகும் விசையை அது பெரிதாகத் திருப்பிவிடுவதில்லை, மேலே உள்ள சில வரிசைகளைத்தான் காக்கிறது. ‘எடைக்கூம்பு’ என்கிறேன்.

பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

முட்டுவளைவு – உயர்ந்த சுவரில் வளைகூரை தரும் உதைப்பையும் காற்றின் தள்ளலையும் வாங்கி, பக்கக்கூடத்தைத் தாண்டி, முட்டுச்சுவரிடம் சேர்க்கும் சாய்ந்த அரைவளைவு. கூரைக்கு மேலே திறந்தும் இருக்கலாம், கூரைக்குள் மறைந்தும் இருக்கலாம்.