புதுப்பிப்பு: நான்ஸ்டிக் தவா, முன்பு சொல்லாமல் விட்டவை

தவாவின் அடிப்பாகம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தேன். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்ற முத்திரை இருந்தால் மட்டும் தவா பாதுகாப்பானது என்று ஆகாது. பிஎஃப்ஓஏ, பூச்சு தயாரிப்பில் முன்பு பயன்பட்ட வேதிப்பொருள். பூச்சு பெரும்பாலும் அதே பிடிஎஃப்இதான், அதாவது டெஃப்லான் என்று நாம் சொல்வது. சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் தவாவைப் பெரிய பர்னரில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு ஏறிவிடும்.

அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு நடுத்தணலில் வையுங்கள். எண்ணெய் நெளிந்து ஓடும்போதே மாவை ஊற்றுங்கள், புகையவிடாதீர்கள். சூடான தவாவைக் குழாயடியில் பிடித்தால் நடுவில் மேடு தட்டும். எண்ணெய் ஓரத்துக்கு வழிந்து, தோசை நடுவில் ஒட்டும்.

செராமிக் பூச்சு சூடு தாங்கும், வழுவழுப்பு சீக்கிரம் போய்விடும். முறுகல் தோசைக்கு இரும்புக் கல்தான் சரி.