கேட் உதவித்தொகை: போர்ட்டலில் ‘செலுத்தப்பட்டது’ என்கிறது, என் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவில்லை

முதலாண்டு_எம்இ

வணக்கம். நான் எம்.இ. முதலாண்டு மாணவி. முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வின் மதிப்பெண்ணில் சேர்ந்ததால், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் முதுநிலை உதவித்தொகைக்குப் பதிவு செய்தேன், மாதம் 12,400 ரூபாய். செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. என்னோடு பதிவு செய்த இரண்டு பேருக்கு மூன்று மாதத் தொகை மொத்தமாக வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. போர்ட்டலில் பார்த்தால் எனக்கும் மூன்று மாதமும் செலுத்தப்பட்டதாகவே காட்டுகிறது.

வங்கிக்கு இரண்டு முறை போனேன். “ஆதார் லிங்க் ஆகித்தாம்மா இருக்கு, எங்க பக்கம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 20ஆம் தேதிக்குள் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டும். தங்கை இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தாள், அதனால் அப்பாவிடம் இனிமேல் கேட்க மனம் வரவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழைய_கேட்_மாணவன்

முதலில் உங்கள் கல்லூரி ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். இந்தத் தொகை ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் தானாக வந்துகொண்டிருப்பது இல்லை. ஒவ்வொரு மாதமும் கல்லூரி உள்ளே போய் உங்கள் பெயரை உறுதிசெய்ய வேண்டும். எங்கள் பிரிவில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மகப்பேறு விடுப்பில் போனபோது இரண்டு மாதம் எல்லோருக்கும் நின்றுபோனது.

முதலாண்டு_எம்இ

நன்றி அண்ணா. அதைப் பார்த்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளர் தன் திரையையே காட்டினார். மூன்று மாதமும் உறுதிசெய்திருக்கிறார், பணமும் போய்விட்டதாகத்தான் அங்கேயும் இருக்கிறது.

கவுன்ட்டர்_ஓய்வு

வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘ஆதார் லிங்க்’ என்று சொல்வதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. கேஒய்சிக்காக, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பதற்காக, உங்கள் ஆதார் எண்ணைக் கணக்கில் பதிந்து வைப்பது ஒன்று. உங்கள் ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐயின் மேப்பர் என்ற பட்டியலில் பதிவது இன்னொன்று. இதைத்தான் சீடிங் என்போம். முதலாவது எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது ஒரு சமயத்தில் ஒரே ஒரு வங்கியில்தான் இருக்கும், கடைசியாக எங்கே சீடிங் செய்தீர்களோ அங்கே. ஆதார் வழியாகப் பணம் அனுப்பும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை, மேப்பர் காட்டும் வங்கிக்கே போகும்.

நீங்கள் “ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா” என்று கேட்டிருப்பீர்கள். கவுன்ட்டரில் இருந்தவர் கேஒய்சியைப் பார்த்து “ஆம்” என்றிருப்பார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் உங்களுக்குத் தேவையான பதில் அது இல்லை.

இப்போதே மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய், வங்கி சீடிங் நிலை என்ற பகுதியைத் திறந்து பாருங்கள் அம்மா. எந்த வங்கியின் பெயர் வருகிறது என்று சொல்லுங்கள். கணக்கு எண் அங்கே வராது, வங்கியின் பெயர் வரும். அது போதும்.

முதலாண்டு_எம்இ

சார், பார்த்தேன். கை நடுங்குகிறது. வேறு வங்கியின் பெயர் வருகிறது!

பி.இ. படித்தபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். அதற்காக ஊரில் ஒரு வங்கியில் கணக்கு தொடங்கினோம். அந்த வங்கிதான் இது. பட்டம் முடிந்ததும் அந்தத் தொகை நின்றுவிட்டது, நானும் அந்தக் கணக்கை மறந்தே போனேன். அதில் கொடுத்திருந்த செல்போன் எண்ணும் இப்போது இல்லை, அதனால் எஸ்எம்எஸ் எதுவும் எனக்கு வரவில்லை. அப்படியென்றால் 37,200 ரூபாயும் அங்கேயா இருக்கும்?

கவுன்ட்டர்_ஓய்வு

செலுத்தப்பட்டது என்று காட்டினால் அங்கேதான் இருக்கும், திரும்பிப் போயிருந்தால் நிலை வேறாகக் காட்டும். பயப்படாதீர்கள், உங்கள் பெயரில் உள்ள கணக்கில்தான் இருக்கிறது. பாஸ்புக், ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்தக் கிளைக்குப் போய் முதலில் செல்போன் எண்ணை மாற்றுங்கள், பிறகு பணத்தை எடுங்கள். ஒருவேளை கணக்கு இயங்காமல் இருக்கிறது என்று சொன்னாலும் கவலை வேண்டாம். இரண்டு வருடம் நீங்கள் எதுவும் எடுக்காமல் போடாமல் இருந்தால்தான் அந்த நிலை வரும். மறுபடி இயக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அப்புறம், சீடிங்கை இப்போதைய வங்கிக்கு மாற்றுவது தனி வேலை. அது பழைய வங்கியில் நடக்காது, புதிய வங்கியில்தான் படிவம் தர வேண்டும். “ஆதார் சீடிங், டிபிடிக்காக” என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், டிபிடி என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது. வெறுமனே லிங்க் என்றால் பழைய கதைதான் நடக்கும். அந்தப் படிவத்தில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், அதில் பழைய வங்கியின் பெயரை எழுத வேண்டும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பணம் இதனால் இடம் மாறாது. இனி வரப்போவது மட்டும்தான் மாறும்.

பழைய_கேட்_மாணவன்

விடுதிக் கட்டணத்துக்காக அவசரப்பட்டு வேறு உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிடாதே தங்கச்சி. இந்தத் தொகை வாங்கும் காலத்தில் வேறு இடத்திலிருந்து சம்பளமோ ஊக்கத்தொகையோ வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. பகுதிநேர வேலைச் சம்பளத்துக்கும் அது பொருந்தும். போர்ட்டல் பக்கத்தை அச்செடுத்து விடுதி அலுவலகத்தில் காட்டி, இரண்டு வாரம் தவணை கேள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

எம்டெக்_பவர்சிஸ்டம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே உதவித்தொகைதான். ஆனால் என் நிலை வேறு. மேப்பரில் சரியான வங்கிதான் இருக்கிறது. முதல் நான்கு மாதம் வந்தது, நான் எதையும் எடுக்காமல் சேர்த்து வைத்தேன். ஐந்தாவது மாதம் தோல்வி என்று வருகிறது. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு இது.

கவுன்ட்டர்_ஓய்வு

தம்பி, 12,400 ரூபாயை நான்கால் பெருக்கினால் 49,600. உங்களுடையது ‘சிறு கணக்கு’ என்று நினைக்கிறேன். முழு ஆவணம் இல்லாமல் தொடங்கும் அந்தக் கணக்கில் எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. அரசு மானியம், நலத்திட்டப் பணத்துக்கு இந்த இருப்பு வரம்பிலிருந்து விதியில் விலக்கு உண்டு, ஆனால் வங்கியின் கணினி அதைப் பார்க்காமல் நிறுத்தியிருக்கலாம். ஒரு நிதியாண்டில் உள்ளே வரும் பணம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000க்கு மேல் எடுக்கவும் முடியாது. ஐந்தாவது தவணை அந்த 50,000 என்ற வரம்பில் முட்டியிருக்கலாம். கொஞ்சம் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் உதவித்தொகை வருடத்துக்கு 1,48,800 ரூபாய், அந்த ஒரு லட்ச வரம்பும் இடிக்கலாம். முழு கேஒய்சி கொடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, தோல்வியான மாதத்தை மறுபடி அனுப்பக் கேளுங்கள்.

எம்டெக்_பவர்சிஸ்டம்

இருப்பு 49,873 என்று காட்டுகிறது சார். நீங்கள் சொன்னதேதான். நாளைக்கே போகிறேன்.

முதலாண்டு_எம்இ

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை ஊருக்குப் போய் அந்தக் கிளையில் பாஸ்புக்கைப் பதிந்தேன். மூன்று வரிகள், ஒவ்வொன்றிலும் 12,400. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை, பாஸ்புக்கை வாங்கி மறுபடி ஒருமுறை பார்த்தார். செல்போன் எண் மாற்றி, பணத்தை எடுத்து, விடுதிக் கட்டணம் 19ஆம் தேதி கட்டிவிட்டேன்.

சீடிங் படிவம் இங்கே கல்லூரி பக்கத்துக் கிளையில் கொடுத்தேன். நான்காவது நாள் மைஆதாரில் புதிய வங்கியின் பெயர் வந்துவிட்டது. சாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: வீட்டுக்கு வரும் கேஸ் மானியம் இதனால் இடம் மாறிவிடுமா? அம்மா கேட்கிறார்.

கவுன்ட்டர்_ஓய்வு

கேஸ் இணைப்பு அம்மா பெயரில், அம்மா ஆதாரில் இருந்தால் மாறாது. மேப்பர் ஒவ்வொருவருடைய ஆதாருக்கும் தனித்தனிதான். பழைய கணக்கை இப்போதே மூட வேண்டாம், அடுத்த தவணை புதிய கணக்கில் விழுந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

படிப்பு முடிவதற்குள் கேம்பஸில் யாராவது வந்து புதிதாகக் கணக்கு தொடங்கச் சொன்னால், படிவத்தில் டிபிடி பெறச் சம்மதம் என்று இருக்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள். போட்டால் சீடிங் மறுபடி அங்கே ஓடிவிடும்.

முதலாண்டு_எம்இ

கேஸ் அம்மா பெயரில்தான் சார். வகுப்புக் குழுவிலும் இதைப் போட்டேன். எட்டு பேர் பார்த்ததில் இன்னொருத்திக்கும் பழைய வங்கியின் பெயர்தான் வருகிறது. நாளை அவளைக் கூட்டிக்கொண்டு கல்லூரி பக்கத்துக் கிளைக்குப் போகிறேன்.