கொஷரி நம்ம ஊரில் எடுபடுமா?

திருநெல்வேலிக் கடைக்காரன்:
நல்லூர்த் திருவிழா 25 நாளும் என் சாப்பாட்டுக் கடையில் சைவம் மட்டும்தான். இம்முறை புதிதாக ஒன்று போட யோசனை. மருமகள் கெய்ரோ தெருக்கடைக் கொஷரி வீடியோவைக் காட்டினாள். சோறு, பருப்பு, மக்கரோனி, கடலை, தக்காளிக் குழம்பு எல்லாம் ஒரே கிண்ணத்தில்! சோற்றுக்கு மேல் மக்கரோனியா என்று சனம் சிரிக்காதா? அங்கே இதற்கு ஏன் இவ்வளவு மவுசு?

பழைய கப்பல்காரன்:
சிரிக்கட்டும் அண்ணை, சாப்பிட்டபிறகு சிரிக்கமாட்டார்கள். அலெக்சாந்திரியாவில் கரை இறங்கினால் எனக்கு மத்தியானம் இதுதான்.

19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கிச்சடி ஆங்கிலேயரோடு எகிப்துக்குப் போனது, மக்கரோனியை அங்கு குடியேறிய இத்தாலியர் சேர்த்தார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அரிசியும் பருப்பும் சேர்ந்த முஜத்தரா 1226இல் பாக்தாத்தில் எழுதிய சமையல் நூலிலேயே இருக்கிறது. அதனால் முழுப் பெருமையையும் கிச்சடிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மவுசுக்குக் காரணம் விலை. இறைச்சி இல்லை, வயிறு நிறையும். எகிப்தின் பழைய திருச்சபையைச் சேர்ந்த கொப்டிக் கிறிஸ்தவர்கள் நீண்ட விரத காலங்களில் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அவர்களும் யோசிக்காமல் சாப்பிடலாம். கெய்ரோவில் பெயர்போன அபூ தாரிக் கடையும் 1950இல் தள்ளுவண்டியில் தொடங்கியதுதான், இப்போது மாடிக் கட்டடம்.

கெய்ரோவில் தோலோடு உள்ள கபிலப் பருப்பு, அலெக்சாந்திரியாவில் மஞ்சள் பருப்பு. எங்கட மைசூர்ப் பருப்பே போதும், குழையவிடாமல் இறக்குங்கோ. பம்பாய் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து மொறுமொறுவெனப் பொரித்து, அந்த எண்ணெயிலேயே சோற்றையும் குழம்பையும் சமையுங்கோ. வாசம் அதில்தான் இருக்கிறது.

கோண்டாவில் அக்கா:
தம்பி, உறைப்பு இல்லாமல் இங்கே ஆர் வாங்குவினம்?

பழைய கப்பல்காரன்:
உறைப்பு இருக்கு அக்கா. மேசையில் இரண்டு போத்தல் வைப்பார்கள். ஒன்றில் ஷத்தா என்ற மிளகாய் எண்ணெய். மற்றதில் தக்கா: உள்ளி, வினாகிரி, சீரகம். தக்கா விடாத கொஷரி வெறும் கலவைச் சோறு. அதை மட்டும் குறைக்காதீங்கோ.

திருநெல்வேலிக் கடைக்காரன்:
வினாகிரிக்குப் பதில் தேசிக்காய்ப் புளி விடலாமா?

பழைய கப்பல்காரன்:
விடலாம், அங்கேயும் சிலர் எலுமிச்சை சேர்ப்பார்கள். ஆனால் முற்கூட்டிக் கலந்து வைக்காதீங்கோ, மக்கரோனி ஊறிப் பிசுபிசுத்துவிடும். ஆள் வந்து இருந்தபிறகு கிண்ணத்தில் அடுக்குங்கோ, வெங்காயம் கடைசியாக.

திருநெல்வேலிக் கடைக்காரன்:
சரி, கொடியேற்றத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிறேன்.