பழைய ஆம்ப்ளிஃபயரை இணையத்தில் விற்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

கோவை ரசிகன்:
வணக்கம். என் தந்தையார் வைத்திருந்த மராண்ட்ஸ் ஆம்ப்ளிஃபயரையும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளையும் (இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவி) விற்பதற்கு விளம்பரம் கொடுத்தேன். அன்றே ஒருவர் அழைத்து, பொருளைப் பார்க்காமலும் பேரம் பேசாமலும் கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டார். தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், இடமாற்றம் வந்துவிட்டதால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் கூறி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். இப்போது ஒரு க்யூஆர் கோடை அனுப்பி, அதை ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் என் கணக்கில் சேரும் என்கிறார். நம்பலாமா?

இசைத்தட்டு:
தயவுசெய்து ஸ்கேன் செய்யாதீர்கள். யுபிஐயில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவர். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, ரகசிய எண்ணும் தேவையில்லை. தனிநபர்களுக்கிடையே பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கை 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டாலும், க்யூஆர் வழி திறந்தேதான் இருக்கிறது. ராணுவ அடையாள அட்டையைக் காட்டுவதும் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி முறை. படத்தை வைத்து யாரையும் உறுதிசெய்ய முடியாது.

அவர் என்னென்ன கேட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இவற்றை வாங்க வருபவர் டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் எது, ஊசி தேய்ந்திருக்கிறதா, வேகம் சீராக நிற்கிறதா, ஆம்ப்ளிஃபயரின் வால்யூமைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா என்று நம்மைத் துளைத்தெடுத்துவிடுவார். பாடவைத்துக் கேட்காமல் இவ்வளவு விலையுள்ள பொருளை வாங்கும் ரசிகரை நான் பார்த்ததில்லை.

மதுரை வாசகர்:
நேரில் வருபவரிடமும் கவனம் வேண்டும். பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டையும், வங்கியிலிருந்து வந்ததுபோன்ற குறுஞ்செய்தியையும் போலியாக உருவாக்க முடியும் என்பதால், உங்கள் வங்கிச் செயலியில் இருப்புத் தொகை கூடியிருப்பதை நீங்களே பார்த்த பிறகுதான் பொருளைக் கொடுக்க வேண்டும். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது கெஞ்சினால், வந்ததாகச் சொல்லும் தொகை உண்மையில் வந்ததா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால் உங்கள் வங்கியின் மூலமாகவே திருப்புங்கள்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. வேறொருவரை ஏமாற்றி, அவருடைய பணத்தை உங்கள் கணக்கிற்கு அனுப்பவைத்துப் பொருளை எடுத்துச் சென்றுவிடுவார்கள். பணத்தை இழந்தவர் புகார் அளித்ததும் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. எனவே, வந்து நிற்பவரின் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விற்காதீர்கள். விளம்பரம், உரையாடல், வாங்கியவர் கையொப்பமிட்ட ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கோவை ரசிகன்:
மிக்க நன்றி. அவருடைய எண்ணைத் தடுத்துவிட்டேன். வெளியூருக்கு அனுப்ப நேர்ந்தால் என்ன செய்வது?

இசைத்தட்டு:
முழுத் தொகையும் வந்த பிறகே அனுப்புங்கள். சீரியல் எண் தெரியுமாறும், இடது, வலது இரண்டு சேனல்களும் பாடுமாறும் படம்பிடித்து, பெட்டியை ஒட்டும்வரை அதே வீடியோவைத் தொடருங்கள். உள்ளே பழுதான வேறு பொருளை வைத்துத் திருப்பியனுப்புபவரிடம் அதுவே சான்று. டர்ன்டேபிளின் சுழலும் தட்டையும், ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்முனையில் உள்ள எதிர் எடையையும் கழற்றித் தனியே சுற்றி, ஆர்மைப் பூட்டிவிடுங்கள்.

யாருக்காவது பணம் போய்விட்டிருந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் அளிக்க வேண்டும். பணம் அடுத்த கணக்கிற்கு மாறுவதற்குள் தகவல் சென்றால்தான் அதை நிறுத்திவைக்க வழியிருக்கிறது.